மேரியட் பாயிண்ட்: பாலியில் ஐந்து இரவா, சிங்கப்பூரில் ரேஸா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியதன் சுருக்கம்:

"மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அமெரிக்க வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போய்வந்ததில் மேரியட் ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டமான மேரியட் பான்வாய் கணக்கில் 4,60,000 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. இப்போது பயணம் நின்றுவிட்டது. அதிகம் தங்குபவர்களுக்குத் தரும் பிளாட்டினம் அந்தஸ்து வரும் பிப்ரவரியோடு முடிகிறது. பாலியில் ஒரு ரிசார்ட்டில் ஐந்து இரவு தங்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. 14 வயது மகனுக்கு ஃபார்முலா ஒன் என்றால் உயிர். பாயிண்ட் கொடுத்து நிகழ்ச்சிகளுக்குப் போக வழிசெய்யும் மேரியட்டின் 'மொமென்ட்ஸ்' பக்கத்தில் சிங்கப்பூர் ரேஸுக்கான தொகுப்பு ஒன்று ஏலத்தில் இருக்கிறது. இருவருக்கு விருந்தினர் அரங்கில் இடம், அணியின் கேரேஜைச் சுற்றிப் பார்ப்பது, மூன்று இரவு அறை. இப்போதைய ஏலத்தொகை 2,10,000 பாயிண்ட். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பாயிண்டை அறைக்குத் தவிர வேறெதற்கும் போடாதே என்கிறார் நண்பர். எவ்வளவு வரை கேட்கலாம்? இதில் என்ன சிக்கல் இருக்கும்?"

அன்புள்ள வாசகருக்கு,

இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நாராயண் கார்த்திகேயனின் ஊரில் வளரும் பையனுக்கு ஃபார்முலா ஒன் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. உங்கள் நண்பர் சொல்வது பொதுவாகச் சரிதான். ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பாலி அறையைப் பாயிண்டில் பதிவு செய்துவிடுங்கள். ஏலத்தை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேரியட்டில் பாயிண்ட் கொடுத்து ஐந்து இரவு சேர்ந்தாற்போல் எடுத்தால் நான்கு இரவுக்குத்தான் பாயிண்ட் கழியும். உதாரணத்துக்கு, இரவுக்கு 40,000 கேட்கும் ரிசார்ட் என்றால் ஐந்து இரவுக்கு 1,60,000. பதிவு செய்த உடனே அந்தப் பாயிண்ட் கணக்கிலிருந்து கழிந்துவிடும். மீதமிருக்கும் 3,00,000தான் ஏலத்துக்கான உங்கள் பை. கடைசி நிமிடத்தில் கை பரபரத்தாலும் அதைத் தாண்ட முடியாது. வீட்டிலும் பேச்சு முடிந்துவிடும். பாயிண்ட் அறைகளைப் பெரும்பாலும் குறிப்பிட்ட நாள் வரை இழப்பில்லாமல் ரத்து செய்யலாம். அந்த நாள் எது என்று பதிவின்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பாலி எப்போது என்பதும் முக்கியம். சிங்கப்பூர் ரேஸ் வழக்கமாக செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதலிலோ வரும். காலாண்டு விடுமுறை அதற்குப் போய்விடும். அரையாண்டு விடுமுறையில் பாலி போகலாம் என்று தோன்றும், ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் ரொக்க விலையும் பாயிண்ட் விலையும் சேர்ந்தே ஏறும். மேரியட் 2022-ல் நிலையான பாயிண்ட் அட்டவணையைக் கைவிட்டதிலிருந்து பாயிண்ட் விலை தேவைக்கேற்ப ஏறி இறங்குகிறது. பொங்கல் விடுமுறையைப் பாருங்கள். பாலியில் அது மழைக்காலம், ஆனால் விலை இறங்கியிருக்கும், பிப்ரவரிக்கு முன்னால் என்பதால் பிளாட்டினம் சலுகையும் கையில் இருக்கும். ரிசார்ட்டைப் பொறுத்து உங்களுக்கும் உடன் தங்கும் ஒருவருக்கும் காலைச் சாப்பாடு இலவசம், அறையும் மேம்பட்டதாகக் கிடைக்க வாய்ப்புண்டு. 14 வயது மகனைப் பல ரிசார்ட்டுகள் பெரியவராகவே கணக்கில் எடுக்கும். கூடுதல் கட்டில், சாப்பாடு எவ்வளவு என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி ஏலம். எவ்வளவு வரை கேட்கலாம் என்பதற்கு உங்கள் கையிலிருக்கும் ஒரு பாயிண்டின் விலை முதலில் தெரிய வேண்டும். இணையத்தில் சொல்லப்படும் சராசரி வேண்டாம். நீங்கள் உண்மையில் தங்கப்போகும் அறையை வைத்துப் போடுங்கள். வரியெல்லாம் சேர்த்து அந்த அறையின் ரொக்க விலை எவ்வளவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பாயிண்டில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய ரிசார்ட் கட்டணம் இருந்தால் அதைக் கழியுங்கள். மிச்சத்தைப் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுங்கள். பாலி அறை வரியோடு இரவுக்கு 26,000 ரூபாய் என்றால் ஐந்து இரவுக்கு 1,30,000. அதை 1,60,000 பாயிண்டால் வகுத்தால் 81 பைசா. ஐந்தாவது இரவு இலவசம் இல்லாமல் பார்த்தால் 65 பைசா. பயணம் நின்றுவிட்ட நிலையில் நீங்கள் இனி இப்படிச் சேர்ந்தாற்போல் தங்கும் விடுமுறைக்குத்தான் பாயிண்டைச் செலவழிப்பீர்கள். ஆகவே 80 பைசா என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணை உங்கள் தேதிக்கு நீங்களே திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேல் எல்லைக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. மேரியட் தன் பாயிண்டை விற்கும் வழக்கமான விலை ஆயிரத்துக்கு 12.50 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் பாயிண்டுக்கு ஒரு ரூபாய் ஆறு பைசா. அந்த விலைக்கு வாங்கி ஏலம் கேட்பது நஷ்டம். அதனால் பாயிண்ட் போதவில்லை என்று ஏலத்தின் நடுவில் பாயிண்ட் வாங்கப் போகாதீர்கள்.

அடுத்து, தொகுப்பு உங்களுக்கு எவ்வளவு பெறும்? ஏலப் பக்கத்தில் 'மதிப்பு' என்று ஒரு தொகை போட்டிருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம். ரேஸ் வாரத்தில், பந்தயம் நடக்கும் மரினா பே பக்கத்து அறைகள் நம்ப முடியாத விலைக்குப் போகும். தொகுப்பில் இருக்கும் அறை ஓர் இரவுக்கு 60,000 ரூபாய் என்று எழுதியிருக்கலாம். கையிலிருந்து கொடுப்பதென்றால் அந்த அறையை நீங்கள் எடுத்திருப்பீர்களா? மாட்டீர்கள். கொஞ்சம் தள்ளி 18,000 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்து எம்ஆர்டி ரயிலில் போயிருப்பீர்கள். ஆகவே உங்கள் கணக்கில் அறையின் மதிப்பு 54,000தான். டிக்கெட்டுக்கும் இதே நியாயம். விருந்தினர் அரங்கின் சந்தை விலை எவ்வளவாக இருந்தாலும், கைக்காசில் நீங்கள் வாங்கியிருக்கும் டிக்கெட் எதுவோ அதன் விலையை எழுதுங்கள். மகனுக்காக நல்ல கேலரி இருக்கையே எடுப்பீர்கள் என்று கொண்டால் ஒருவருக்கு 70,000, இருவருக்கு 1,40,000. அரங்கில் கிடைக்கும் சாப்பாடும் நிழலும் நல்லவைதான். அதற்காகத் தனியாகக் காசு கொடுத்திருப்பீர்கள் என்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சுவது கேரேஜ். மேரியட் பான்வாய் மெர்சிடிஸ் அணியின் பங்குதாரர் என்பதால்தான் இப்படிப்பட்ட தொகுப்புகள் அதன் பக்கத்தில் வருகின்றன. ஹில்டன் 2005-லிருந்து மெக்லாரன் அணியோடு இருக்கிறது, அங்கேயும் இதே மாதிரிதான். கேரேஜுக்குள் நுழைவதற்குக் கவுண்டரில் டிக்கெட் கிடையாது. அணியின் விருந்தினராகத்தான் போக முடியும். உள்ளே போனால் அரை மணி நேரம்கூட இருக்காது. ஆனால் கார் பாகம் பாகமாகப் பிரித்து நிற்கும், சில அடி தூரத்தில் மெக்கானிக் வேலை செய்துகொண்டிருப்பார். டயர்கள் மின்போர்வை சுற்றி அடுக்கியிருக்கும், உள்ளே சுமார் 70 டிகிரி சூடு. சக்கரம் மாற்றிப் பழகும் நேரமாக அமைந்தால், டிவியில் இரண்டரை விநாடியில் முடிந்துபோகும் அந்த வேலையை ஏறக்குறைய இருபது பேர் எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று கண்ணெதிரே தெரியும். துப்பாக்கி போன்ற கருவியைப் பிடித்து நட்டைக் கழற்றுபவர் ஒருவர், பழைய சக்கரத்தை இழுப்பவர் ஒருவர், புதியதை மாட்டுபவர் ஒருவர். நாலு மூலைக்கும் இப்படி மூன்று மூன்று பேர். 14 வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெறும் என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. பாயிண்டை அனுபவத்துக்குப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான். காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் ஒன்றைப் பாயிண்டில் வாங்கினால் பெரும்பாலும் கையைக் கடிக்கும். காசுக்குக் கிடைக்காததற்குத்தான் பாயிண்டைக் கூடுதலாக விடலாம். ஊர் சுற்றும் பஸ், அருங்காட்சியக டிக்கெட், ஸ்பா மசாஜ் ஆகியவற்றைப் பாயிண்டில் எடுக்கவே வேண்டாம்.

கேரேஜுக்கு 40,000 ரூபாய் என்று நீங்கள் மதிப்புப் போட்டால் மொத்தம் 54,000, 1,40,000, 40,000 சேர்ந்து 2,34,000 ரூபாய். பாயிண்டுக்கு 80 பைசா வீதம் வகுத்தால் 2,92,500 பாயிண்ட். இதுதான் உங்கள் உச்சவரம்பு. மீதமிருக்கும் 3,00,000-க்குள் அடங்குகிறது. விமானம், விசா, அன்றாடச் சாப்பாட்டை இதில் சேர்க்கவில்லை. காசு கொடுத்து ரேஸுக்குப் போனாலும் அந்தச் செலவு உண்டு என்பதால் ஒப்பீட்டில் அது அடிபட்டுவிடும். ஆனால் வீட்டு வரவுசெலவில் அடிபடாது. கோவையிலிருந்து ஸ்கூட் விமான நிறுவனத்தின் நேரடி விமானம் இருந்தாலும் ரேஸ் வாரத்தில் அதுவும் விலை ஏறும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஏலத்தில் இறங்குங்கள்.

ஏலம் கேட்கும் முறையில் ஒரே விஷயம்தான் பெரிய வித்தியாசம் செய்கிறது. ஒன்பது நாள் முன்பே கேட்டு விலையை ஏற்றிவிடாதீர்கள். அதிகபட்சத் தொகையைப் போட்டு வைத்தால் தானாகவே படிப்படியாகக் கேட்டுக்கொள்ளும் வசதி அந்தப் பக்கத்தில் இருந்தால், கடைசி நேரத்தில் உச்சவரம்பை ஒரே தடவை போட்டுவிட்டு விலகிவிடுங்கள். 2,90,000 என்று வட்டமான எண்ணில் நிறுத்துபவர்கள் அதிகம். அதனால் 2,91,000 அல்லது 2,92,000 என்று போடுங்கள். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் முடிவு நேரம் நீளும் ஏலங்களும் உண்டு, விதியைப் படித்துக்கொள்ளுங்கள். கேட்ட தொகையைத் திரும்பப் பெற முடியாது என்பது பொது விதி. முடிவு நேரம் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே கோடைக்கால நேரம் ஓடும் மாதங்களில் நமக்கு ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே பகல் 3 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30, தேதியும் மாறிவிடும். இந்தத் தேதிக் குழப்பத்தில் ஒரு நாள் தாமதமாக வந்து பார்ப்பவர்கள் பலர்.

இனி, கேட்பதற்கு முன்னால் எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை. உங்களுக்கு முதல் சிக்கல் முகவரியாக இருக்கலாம். சில தொகுப்புகள் குறிப்பிட்ட நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். அமெரிக்காவில் இருந்தபோது திறந்த கணக்கு என்றால் அங்கத்திய முகவரியும் தொலைபேசி எண்ணும் இன்னும் அப்படியே கிடக்கலாம். வென்றவரைத் தொடர்புகொள்ளும் மின்னஞ்சலுக்குக் குறித்த நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் தொகுப்பு கைவிட்டுப் போக வாய்ப்புண்டு. அந்த மின்னஞ்சல் உங்கள் பழைய அலுவலக முகவரிக்குப் போனால் பரிதாபம். கணக்கின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். நம்மூர் இனிஷியல் வழக்கத்தால் இங்கே அடிக்கடி தடங்கல் வருகிறது.

இரண்டாவது வயது. விருந்தினர் அரங்குகளிலும் கேரேஜ் வருகையிலும் குறைந்தபட்ச வயது வைத்திருப்பார்கள். பொதுவாகப் பெரியவர் துணையோடு 14 வயதுப் பையனை விடுவார்கள் என்று ஊகித்துவிடாதீர்கள். அரங்குக்கு ஒரு விதி, கேரேஜுக்கு இன்னொரு விதி இருக்கலாம். தனித்தனியாகக் கேளுங்கள். மகனால் கேரேஜுக்குள் போக முடியாது என்று பதில் வந்தால் நம் கணக்கில் 40,000 அப்படியே விழுந்துவிடும். உச்சவரம்பு 1,94,000 ரூபாயை 80 பைசாவால் வகுத்து 2,42,500 ஆகும். உண்மையில் அந்த நிலையில் ஏலத்தையே விட்டுவிடலாம் என்பேன்.

மூன்றாவது, சொற்கள். 'பேடக் கிளப்' என்பதும் 'பேடக்' என்பதும் ஒன்றல்ல. பேடக் கிளப் என்பது அணிகளின் கேரேஜ்கள் இருக்கும் பிட் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கும் விருந்தினர் அரங்கு. ஓட்டுநர்களும் அணியினரும் நடமாடும் பேடக் அதற்குப் பின்னால் தனியாக இருக்கிறது, அதற்குத் தனி அனுமதி அட்டை வேண்டும். கேரேஜ்களுக்கு முன்னால் ஓடும் பாதையான பிட் லேனில் நடந்து பார்ப்பதும் கேரேஜுக்குள் போவதும்கூட வேறு வேறுதான். முன்னதில் கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நிற்பீர்கள். தொகுப்பின் விவரத்தில் 'கேரேஜ் சுற்றிப் பார்த்தல்' என்று உறுதியாக இருக்கிறதா, அல்லது 'அணியின் வசதியைப் பொறுத்து' என்ற வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநரைச் சந்திப்பது என்று எங்காவது எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்புப் போடாதீர்கள். ரேஸ் வார இறுதியில் அவர்கள் நேரம் நிமிடக் கணக்கில் மாறும். மகனிடமும் அதை வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ரத்து விதியையும் ஊன்றிப் படியுங்கள். நீங்கள் போக முடியாமல் போனால் பாயிண்ட் திரும்ப வராது, இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. ரேஸே நடக்காவிட்டால் பாயிண்டைத் திருப்பிக் கொடுப்பார்கள், விமானக் காசுக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டும் சிங்கப்பூர் ரேஸ் கொரோனாவால் நடக்கவில்லை. வென்ற உறுதி மின்னஞ்சல் வந்த பிறகே விமானம் எடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். அரசுக் கட்டணம் ஒருவருக்கு 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கட்டணம் தனி. வழக்கமாக அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூர் போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை.

ஏலத்தில் வரும் மூன்று இரவுக்கு அந்தஸ்துக் கணக்கில் இரவுகள் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாயிண்டில் நீங்களே பதிவு செய்யும் பாலி இரவுகள் ஏறும். வருடத்துக்கு 50 இரவு வேண்டிய பிளாட்டினத்தைப் பயணமில்லாமல் தக்கவைக்க முடியாது, ஆகவே அதற்காக எதையும் வளைக்க வேண்டியதில்லை. 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் பாயிண்ட் காலாவதியாகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

பாயிண்ட் கொஞ்சம் குறைகிறதென்றால் இன்னொரு உறுப்பினர் கணக்கிலிருந்து இலவசமாக மாற்றலாம். ஒருவர் வருடத்துக்கு 1,00,000 வரை அனுப்பலாம். ஆனால் புதிதாகத் திறந்த கணக்குகளுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, மனைவி பெயரில் இன்று கணக்குத் திறந்து அடுத்த வாரம் பயன்படுத்த முடியாது. வங்கி அட்டையின் பாயிண்டை மேரியட்டுக்கு மாற்றுவதற்கும் நாட்கள் பிடிக்கும், ஏலத்தில் தோற்றாலும் அது வங்கிக்குத் திரும்பாது. அதைத் தொடாதீர்கள்.

தோற்றுவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் அப்போதும் ரேஸுக்குப் போகலாம். டிக்கெட்டையும் தள்ளியிருக்கும் அறையையும் கைக்காசில் எடுத்தால் 1,94,000 ரூபாய், 3,00,000 பாயிண்டும் கையில் பத்திரமாக இருக்கும். மலிவான இருக்கைகள் முதலில் தீர்ந்துவிடும் என்பதால், இன்றே அதிகாரபூர்வ டிக்கெட் பக்கத்தைத் திறந்து நீங்கள் விரும்பும் கேலரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஏலம் முடியும்வரை காத்திருந்தால் தீர்ந்துவிடும் போலத் தோன்றினால், ஏலத்தை விட்டுவிட்டு டிக்கெட்டை எடுப்பதே மேல். பாலிக்கு இரண்டாவது தடவை போவதற்கும் பாயிண்ட் மிஞ்சும்.

மொமென்ட்ஸ் பக்கத்தில் ஏலமில்லாமல் நிலையான பாயிண்டுக்குக் கிடைக்கும் தொகுப்புகளும் உண்டு, சில நேரம் ஒரே ஒரு பாயிண்டுக்கும் போடுவார்கள். முதலில் அழுத்தியவருக்குத்தான் கிடைக்கும், நொடியில் போய்விடும். கண்ணில் பட்டால் முயன்று பாருங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இன்று மாலைக்குள் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரே மின்னஞ்சலில் நான்கு கேள்விகளை அனுப்புங்கள்: இந்தியாவில் வசிப்பவர் கேட்கலாமா, 14 வயது மகனுக்கு அரங்கிலும் கேரேஜிலும் அனுமதி உண்டா, கேரேஜ் வருகை உறுதியானதா, அறையில் எத்தனை இரவு, எந்தத் தேதி முதல். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம், உங்களிடம் ஒன்பது நாள் இருக்கிறது. பதில் வருவதற்குள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றி, பாலி அறையையும் பதிவு செய்துவிடலாம்.